முலுக்கியா ஆன உப்பு

கிண்ணத்தில் இருந்த ஒரு சிட்டிகை உப்பின் மேல் நவ்வாரா நாலு சொட்டுத் தண்ணீர் விட்டாள். கண்ணாடிக் குச்சியால் கிளறிவிட்டுக் குச்சியை மேலே தூக்கினாள். இந்நேரம் உப்பு கரைந்து காணாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. குச்சியோடு சேர்ந்து எழுந்து வந்தது. நன்றாகக் கடைந்த முலுக்கியாக் கீரை கரண்டியில் இருந்து இழுபடுமே, அதே மாதிரி ஒரு சாண் நீளத்துக்குக் கொழகொழவென்று தொங்கியது.

"இது எந்தக் குழாய்?" என்று கேட்டார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி டாக்டர் இஸ்மத்.

"சுழி எண் போட்டது, டாக்டரா" என்றாள் நவ்வாரா. பெண் டாக்டரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கதிரே படாதது."

"ஆமா."

"கதிரே படாதது முலுக்கியா ஆயிடுச்சு. அஞ்சு மெகாராட் வாங்குனது?"

அடுத்த கிண்ணம் எதிரிலேயே இருந்தது. அதில் உப்பு நல்ல பிள்ளையாகக் கரைந்து, தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. நடுவில் இருந்த ஒன்றாம் எண் மட்டும் இரண்டுங்கெட்டானாக, கொஞ்சம் கரைந்தும் கொஞ்சம் கொழகொழத்தும் இருந்தது.

எகிப்தின் மின்யா பல்கலைக்கழக அறிவியல் புலத்தில் இரண்டு வருடத்துக்கு முன் முதலாவதாகத் தேறியவள் நவ்வாரா. அதனாலேயே அங்கே பயிற்றுநர் வேலையும் கிடைத்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பொட்டாசியம் அக்ரிலேட் என்ற வெள்ளை உப்பு. அதைப் படிகமாக்கி, குட்டிக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, கெய்ரோவில் உள்ள காமாக் கதிர்க் கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். ஒன்றுக்குக் கதிர் வேண்டாம். ஒன்றுக்கு ஒரு மெகாராட் அளவு கதிர். ஒன்றுக்கு ஐந்து. கதிர் ஏற ஏற, படிகத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நீளச் சங்கிலியாக வேண்டும். சங்கிலி ஆனால் தண்ணீரில் கொழகொழக்கும். ஆகாவிட்டால் சமையல் உப்பு மாதிரி கரையும். இவ்வளவுதான் சோதனை. அது தலைகீழாக நின்றது.

"ஓவன்ல வச்சு உலர்த்துனியா?"

"இல்ல."

"சூடு பட்டா இந்த உப்பு தானாவே கோத்துக்கும்னு முதல் வருஷப் பிள்ளைக்குத் தெரியும்."

"ஓவன் பக்கமே போகல டாக்டரா. பம்பு மாட்டி, ஈரம் உறிஞ்சுற டெசிக்கேட்டர்ல பதினோரு நாள் உலர்த்துனேன். பதினோரு நாளும் நான்தான் உக்காந்திருந்தேன்."

"உக்காந்திருந்தா ஆச்சா? இதெல்லாம் ஒரு பக்குவம் நவ்வாரா. வீட்டுல நாலு பேர் செய்யுறதப் பார்த்து வளர்ந்திருக்கணும். உன் மேல தப்பில்ல."

உன் மேல தப்பில்ல என்று இந்தக் கட்டடத்தில் யார் சொன்னாலும் நவ்வாராவுக்குக் காது சிவந்துவிடும். வீட்டில் யாரைப் பார்த்து வளர்வாள்? அவள் அப்பா ஷஹாத்தா மைக்ரோபஸ் ஓட்டுகிறவர். அவள் அம்மா கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைக்கிறவள். டாக்டர் இஸ்மத்தின் அப்பாவும் டாக்டர், அவருக்கு அப்பாவும் டாக்டர். பரம்பரை பரம்பரையாகப் பிப்பெட்டை வாயில் வைத்துக்கொண்டே பிறப்பார்கள் போல.

இஸ்மத் அந்த நாளின் தாளை எடுத்து, மூன்று குழாய்களின் முடிவையும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு இழுப்பறையில் இருந்து இன்னொரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்குப் புலக் குழு கூடுது. அதுல உன் ஆய்வுத் தலைப்பு பதிவாகலன்னா உன்னை ஆபீஸ் வேலைக்கு மாத்திடுவாங்க, தெரியுமில்ல? இதுல கையெழுத்துப் போடு. பேரீச்சங்கொட்டைக் கரி வச்சுத் தண்ணியச் சுத்தம் பண்றது. எட்டு மாசத்துல முடிஞ்சிடும். இதுவரைக்கும் ஆறு பேர் முடிச்சிருக்காங்க."

"ஆறு பேர் முடிச்சதை ஏழாவதா நான் எதுக்கு முடிக்கணும்?"

"வேலை தங்கறதுக்கு" என்றார் இஸ்மத். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் நவ்வாராவுக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது. "காலையில பத்து மணிக்குள்ள என் மேஜைல இருக்கட்டும்."

அவர் போன பிறகு நவ்வாரா பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். கோபம் வந்தால் அவள் கழுவுவாள். கிண்ணங்களைத் தேய்த்த தேய்ப்பில் பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

இந்தப் படிகத்தைக் கைவிட அவளுக்கு மனம் இல்லை. திரவத்தில் மூலக்கூறுகள் ரயிலடிக் கூட்டம் மாதிரி. யார் யாரை இடிப்பார்கள், யார் கையை யார் பிடிப்பார்கள் என்று கடவுளுக்கே தெரியாது. படிகம் அப்படி இல்லை. படிகம் அவள் அப்பாவின் மைக்ரோபஸ். இருக்கை உறுதி. உன் முட்டி யார் முதுகில் படும் என்பது ஏறி உட்கார்ந்த உடனே முடிவாகிவிடும். கடைசி வரிசையில் இருப்பவர் கொடுக்கிற சில்லறை எழுந்திருக்காமலே கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போய்ச் சேரும். சோடியம் போட்டால் இருக்கைகள் ஒரு மாதிரி, பொட்டாசியம் போட்டால் வேறு மாதிரி. எந்த உலோகம் உட்காருகிறதோ அதற்குத் தக்கபடி பக்கத்தில் இருப்பவர் தூரம் மாறும். கை எட்டினால் சங்கிலி. எட்டாவிட்டால் ஒன்றும் இல்லை. இதை அவள் வீட்டில் சொன்னபோது அப்பா ஒரே தடவையில் புரிந்துகொண்டார். அப்படியானால் பொட்டாசியம் என் வண்டி, சோடியம் அரசாங்க பஸ் என்றார்.

குழாய்களின் மேல் முழுக்கச் சுற்றியிருந்த டேப்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஒவ்வொன்றாக உரித்தாள். டேப்பின் மேல் எண் அவள் கையெழுத்தில் இருந்தது, எகிப்தில் கடைப் பலகைகளில் எழுதும் அரபு எண்ணில். 1, 2, 3 என்று உலகமெல்லாம் எழுதுகிற லத்தீன் எண்ணில் எழுது, லத்தீன் எண்ணில் எழுது என்று இஸ்மத் நூறு தடவை சொல்லியிருக்கிறார். நவ்வாரா கேட்பதில்லை. பாடம் எல்லாம் இங்கிலீஷ், பொருளுக்கெல்லாம் பெயர் இங்கிலீஷ், தன் வேலையில் ஒரு எழுத்தைக்கூடத் தன் வீட்டார் படிக்க முடியாது. எண்ணாவது நம்முடையதாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஐந்தை உரித்தாள். உள்ளே கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

ஒன்றை உரித்தாள். லேசான பழுப்பு.

சுழியை உரித்தாள். காபிக் கடையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுப்பார்களே கறுப்புத் தேநீர், அந்த நிறம்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. காமாக் கதிர் பட்டால் கண்ணாடி பழுக்கும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியானால் கதிர் வேண்டாம் என்று அனுப்பிய குழாயை உள்ளே வைத்து வாட்டியிருக்கிறார்கள். ஐந்து மெகாராட் வாங்க வேண்டியது வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறது. உப்பின் மேல் தப்பில்லை. பதினோரு நாளின் மேல் தப்பில்லை.

ஈரக் கையைத் துடைக்காமலேயே டெலிபோன் ஆபீசுக்கு ஓடினாள். கெய்ரோவுக்கு எண் கொடுத்து, மூன்றாம் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதிர்க் கூடத்தில் குழாய்களை வைத்து எடுக்கிறவள் பெயர் ஜெஜிகா என்று மட்டும் ரசீதில் பார்த்திருந்தாள். அல்ஜீரியாக்காரி. வேலைக்கு வந்து பதினாறு நாள்தான் ஆகிறது. எகிப்தியப் படங்கள் பார்த்தே வளர்ந்தவள் என்பதால் நவ்வாரா பேசுவது அவளுக்கு முழுக்கப் புரியும். அவள் பேசுவதில் பாதிதான் நவ்வாராவுக்குப் புரிந்தது. ஆனால் சண்டைக்குப் பாதி போதும்.

"நீதான் ஜெஜிகாவா? நான் மின்யால இருந்து நவ்வாரா. என் மூணு குழாயை வச்சு என்ன கூத்துடி அடிச்ச?"

"முதல்ல சலாம் சொல்லு, அப்புறம் திட்டு. என்ன ஆச்சு?"

"சலாம் அலைக்கும்! சுழிய உள்ள வச்சிருக்க!"

"சுழிய நான் வெளிய வச்சேன்."

"உள்ள வச்சிருக்க! கண்ணாடி பழுத்துக் கெடக்கு!"

"வல்லாஹி, சத்தியமா சுழிய வெளிய வச்சேன்! என் கையால! அஞ்சை உள்ள வச்சேன்!"

"அஞ்சு அப்படியே பச்சத்தண்ணி மாதிரி இருக்குடி!"

"இங்க பாரு, என்னைப் பொய்க்காரின்னு எங்கம்மாகூடச் சொன்னதில்ல. குழாய்ல இருந்த குறி ஒவ்வொண்ணையும் பார்த்து, அப்படியே புத்தகத்துல வரைஞ்சு வச்சிருக்கேன். நாளைக்கு எனக்கு லீவு. முதல் ரயில்ல அந்தப் புத்தகத்தோட வர்றேன். உன் மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டிட்டு அடுத்த ரயில்ல போயிடுவேன்."

"வா! வராம மட்டும் இருந்திடாத!"

"வந்தா சோறு போடுவியா, இல்ல அதையும் தப்பான தட்டுல வைப்பியா?"

கூண்டுக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காலையில் ரயில் வந்தபோது மணி எட்டே முக்கால். சுருட்டை முடியைச் சிவப்புத் துணியால் கட்டிய நெட்டைப் பெண் ஒருத்தி தடிமனான புத்தகத்தைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். பார்த்த உடனே இவள்தான் என்று நவ்வாராவுக்குத் தெரிந்துவிட்டது. சண்டைக்கு வருகிறவள் நடை தனி.

"நவ்வாராவா? போன்ல குரலைக் கேட்டு மல்யுத்தம் பண்றவள்னு நெனச்சேன்."

"புத்தகத்த நீட்டு."

"மூச்சு விடலாமா? நாலு மணி நேரமா நின்னுட்டே வந்திருக்கேன்."

ரயிலடி வாசலில் ஷஹாத்தா வண்டியின் இன்ஜினை ஓடவிட்டபடி காத்திருந்தார். வண்டி ஏற்கனவே முக்கால்வாசி நிறைந்திருந்தது. வாத்துக் கூடையோடு ஓர் அம்மா, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ரொட்டிக் கட்டோடு இரண்டு பேர்.

"வாம்மா, அல்ஜீரியாவே நம்ம வண்டிக்கு வந்திருக்கு!" என்றார் ஷஹாத்தா. "சண்டை போடணும்னா முன் சீட்டுல உக்காந்து போடுங்க. பின்னால வாத்து இருக்கு, பயப்படும்."

ஜெஜிகா ஏறவில்லை. வண்டியின் முன் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள்.

"டிரைவர் உஸ்தா, ஒண்ணு கேக்கட்டா? இது என்ன சுழி நம்பர் வண்டி? எங்கயுமே போகாதா?"

"சுழியா? எங்கம்மா இருக்கு சுழி?"

"இதோ, இவ்வளவு பெருசா நீலப் பெயிண்டுல போட்டிருக்கே."

"அது அஞ்சும்மா! போன வருஷம் லாரிக்காரன் ஒருத்தன் இடிச்சிட்டுப் போனான்ல, அப்புறமா கண்ணு படக்கூடாதுன்னு போட்டேன். கம்ஸா! அஞ்சு விரல்! உங்க ஊர்ல கண்ணுக்கு அஞ்சு காட்டமாட்டீங்களா?"

"காட்டுவோம். கையக் காட்டுவோம். அஞ்சுன்னா இப்படியா இருக்கும்? இது வட்டம்ல!"

"வட்டந்தான் அஞ்சு. வேற எப்படி இருக்கும்?"

"அப்போ..." ஜெஜிகாவின் குரல் இறங்கிவிட்டது. "அப்போ சுழிய எப்படிப் போடுவீங்க?"

ஷஹாத்தா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கதவில் படிந்திருந்த தூசியில் விரல் நுனியை ஒரு தடவை ஒற்றி எடுத்தார். ஒரு புள்ளி விழுந்தது.

"இவ்வளவுதான். ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய வட்டம்?"

பின்னால் வாத்து ஒரு தடவை கத்தியது.

ஜெஜிகா மெதுவாகப் புத்தகத்தை விரித்தாள். நவ்வாரா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அச்சடித்த மாதிரி அழகான லத்தீன் எழுத்தில் மூன்று வரி. முதல் வரியில் ஒரு வட்டம் வரைந்து, பக்கத்தில்: சுழி, வெளியே வைத்தது. இரண்டாவதில் ஒரு கோடு: ஒரு மெகாராட். மூன்றாவதில் ஒரு சின்னப் புள்ளி: எண் எழுதவில்லை, பேனா பட்ட கறை போல, மிச்சம் இருப்பது இதுதான், ஆகவே ஐந்து.

அல்ஜீரியாவில் எண்ணெல்லாம் லத்தீன் எண்தான். கதிர்க் கூடத்துத் தாள்களும் அப்படியே. ஹாஸ்டலும் கூடமுமாகவே பதினாறு நாளை ஓட்டியவளுக்குக் கெய்ரோவின் கடைப் பலகைகளைப் படிக்க நேரம் எங்கே?

"பேனாக் கறையா?" என்றாள் நவ்வாரா. "என் சுழிய நீ பேனாக் கறைன்னு எழுதிருக்க!"

"நீ என் சுழிய அஞ்சுன்னு எழுதிருக்க!"

யார் முதலில் சிரித்தது என்று பிறகு இரண்டு பேருக்குமே நினைவில்லை. ஜெஜிகா சிரித்துச் சிரித்து வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். நவ்வாராவுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. நேற்றிலிருந்து நெஞ்சில் கல் மாதிரி கிடந்தது முழுக்கச் சிரிப்பாக வெளியே வந்தது. விஷயம் புரியாமலேயே வாத்தியாரும் சிரித்தார்.

"எண்ணு படிக்கத் தெரியாத ரெண்டு விஞ்ஞானிங்க!" என்றார் ஷஹாத்தா. "இவங்களை நம்பித்தான் நாடே இருக்கு. ஏறுங்கம்மா, மணி ஒம்பது ஆகுது!"

வண்டி கிளம்பியதும் நவ்வாரா தாளில் கணக்கை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கதிரே படாதது: கரைந்தது. ஒன்று: பாதி. ஐந்து: முலுக்கியா. ஒரே நேர்கோடு. பொட்டாசியம் தன் இருக்கையில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

டாக்டர் இஸ்மத் பழுத்த குழாயைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். புத்தகத்தின் மூன்று வரியையும் இரண்டு தடவை படித்தார். வாயோரம் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"லத்தீன் எண்ல எழுதுன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"நூறு தடவை. தப்புல பாதி என்னோடதுதான், ஒத்துக்கறேன். வேற ஊருக்குப் போற குழாய்ல என் வீம்பை எழுதியிருக்கக் கூடாது."

"மீதிப் பாதி என்னோடது" என்றாள் ஜெஜிகா. "சந்தேகம் வந்தப்பவே போன் பண்ணிக் கேட்டிருக்கணும்."

இஸ்மத் தலையை ஆட்டினார். "சரி. குழாய் மாறிப்போச்சு, நம்புறேன். ஆனா நவ்வாரா, ஒரே ஒரு சோதனையை வச்சுக்கிட்டு நான் எப்படிக் குழு முன்னால போய் நிக்கிறது?"

"நேத்து என்னைத் தூக்கி எறிய அந்த ஒரு சோதனை போதுமானதா இருந்துச்சே டாக்டரா?"

இஸ்மத் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நவ்வாரா நிறுத்தவில்லை.

"நேத்து நீங்க எழுதின தாள் இதோ இருக்கு. மூணாவது குழாய்னு போட்டு, பாலிமர்ச் சங்கிலி துளிகூட இல்ல, கரைசல் தெளிவுன்னு எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அந்தக் குழாய்தான் கதிர் படாதது. நான் ஓவன்ல வச்சிருந்தா, சூடு காட்டியிருந்தா, அதுதானே முதல்ல கெட்டுப் போயிருக்கும்? அது கெடல. என் உப்பு சுத்தம்னு நான் சொல்லல டாக்டரா, நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க."

இஸ்மத் தாளை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். வெளியே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பத்தடிக்க ஐந்து நிமிடம். பேரீச்சங்கொட்டைப் படிவம் கையெழுத்தில்லாமல் மேஜையில் கிடந்தது.

"சோடியம் உப்புக்கு என்ன ஆகும்னு நெனைக்கிற?" என்று கேட்டார் திடீரென்று.

நவ்வாரா அவர் முகத்தைப் பார்த்தாள். இது சோதிக்கிற கேள்வி இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிற கேள்வி. இந்த இரண்டு வருடத்தில் அவர் இவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை.

"தெரியல டாக்டரா. சோடியம் சின்னது. இடம் வேற மாதிரி அமையும். பக்கத்துல இருக்கறவங்க கை எட்டுமா எட்டாதான்னு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். எட்டலன்னாலும் நல்லதுதான். எட்டாததுக்குக் காரணம் தெரிஞ்சா எட்ட வைக்கலாம்."

"எக்ஸ்ரே எடுக்க ஒழுங்கான ஒத்தைப் படிகம் வேணும். வளர்க்க மாசக்கணக்கு ஆகும்."

"உக்காந்திருப்பேன்."

"தெரியும்" என்றார் இஸ்மத். "பதினோரு நாள் உக்காந்தவதானே." கொட்டைப் படிவத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "நேத்து வீட்டுல பார்த்து வளர்ந்திருக்கணும்னு சொன்னேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. புதுப் படிவம் எடு. தலைப்பு எழுது. கதிர் அளவை எந்த எண்ல எழுதப் போற?"

"எண்ணே வேண்டாம் டாக்டரா. எழுத்துல எழுதிடறேன். அரபியில ஒரு தடவை, இங்கிலீஷ்ல ஒரு தடவை."

"பிரெஞ்சுல நான் எழுதித் தர்றேன்" என்றாள் ஜெஜிகா. இஸ்மத்துக்கு இந்தத் தடவை சிரிப்பை அடக்க முடியவில்லை.

குழு பதினொன்றே காலுக்குத்தான் கூடியது. பதினான்கு பேர் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பன்னிரண்டு தலைப்புகளைப் பார்த்தார்கள். நவ்வாராவுடையது ஒன்பதாவது. வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் அவளும் ஜெஜிகாவும் மொச்சை மசித்த ஃபூல் வைத்த ரொட்டியை ஆளுக்குப் பாதியாகக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் ஷஹாத்தா கட்டடத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மேலே வந்து, பெஞ்சின் ஓரத்தில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்தார். இந்தக் கட்டடத்துக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார்.

"உள்ள என்னம்மா பேசுறாங்க?"

"பொட்டாசியத்தைப் பத்தி" என்றாள் நவ்வாரா.

"நம்ம வண்டியையா?"

கதவு திறந்தது. டாக்டர் இஸ்மத் வெளியே வந்து, முத்திரை குத்திய தாளை நவ்வாராவின் கையில் வைத்தார். தலைப்பு அவள் எழுதியது எழுதியபடி இருந்தது. காற்புள்ளிகூட மாறவில்லை.

நவ்வாரா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெஜிகாதான் முந்திக்கொண்டாள். ரொட்டியைப் பெஞ்சில் வைத்தாள், எழுந்தாள், வாயோரம் கையை வைத்துக்கொண்டு நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள். அவள் ஊர் மலைநாட்டுக் குலவை. நீளமாக, உயரமாக, மூச்சே முட்டாமல் போனது. தாழ்வாரத்தின் இரு பக்கமும் கதவுகள் படபடவென்று திறந்தன. முதல் வருடப் பெண்கள் நாலு பேர் காரணம் கேட்காமலேயே கூடச் சேர்ந்து குலவை விட்டார்கள். ஷஹாத்தா தொப்பியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி கைதட்டினார்.

கூட்ட அறைக்குள் இருந்து முதிய பேராசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? யாருக்குக் கல்யாணம்?"

"பொட்டாசியத்துக்கு!" என்றாள் நவ்வாரா.